யானைப் பணிக்கு ஒரு விண்ணப்பம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அர்ஜுனன் யானை ஆக விரும்பினான். அதில் தவறில்லை. அதை எழுதிக் கொடுத்ததுதான் தவறு.

அது 1951. முசரவாக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஆளுக்கொரு அச்சடித்த தாள் வந்தது. 'பெரியவனானதும் நான் என்ன ஆவேன்? ஏன்?' என்று மேலே போட்டிருந்தது. நாடு புதிதாக விடுதலை பெற்றிருந்த நேரம். மேலே இருந்தவர்களுக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசை. அர்ஜுனன் 'யானை' என்று எழுதினான். ஏன் என்ற கேள்விக்கு, 'யானைக்கு வாய்ப்பாடு கிடையாது. யானையை யாரும் பெஞ்சு மேல் நிற்க வைக்க மாட்டார்கள். பெஞ்சு தாங்காது' என்று காரணம் காட்டினான். வாத்தியார் தாள்களைக் கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். படித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு அடி கொடுத்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த தாள்கள் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிடந்தன. கரையான் கொஞ்சம் தின்றது. மீதியை அழித்துவிடலாமா என்று கிடங்குக்காரர் மேலிடத்தைக் கேட்டார். அழிக்க ஒரு குழு வேண்டும் என்றது மேலிடம். குழு கூடி, அழிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்றது. படிக்க ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு நாற்காலி வேண்டும். நாற்காலிகளுக்குக் கட்டடம் வேண்டும். இப்படியாக 1973-ல் காஞ்சிபுரத்தில், ஒரு பழைய அரிசி மண்டியின் மாடியில், இளம்பருவ இலட்சிய ஒப்பாய்வு அலுவலகம் தோன்றியது. ஊரில் அதை ஆசை ஆபீஸ் என்றார்கள்.

திறப்பு விழாவில் ஒப்பாய்வு அதிகாரி கோதண்டபாணி பேசினார்.

"ஆசைக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை இந்த அலுவலகம் குறைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். குறைக்காது. அளக்கும். குறைத்துவிட்டால் அடுத்த வருஷம் எதை அளப்பது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நான் சர்க்கஸில் பார் விளையாட விரும்பினேன். இன்றைக்குக் கையை ஊன்றாமல் என்னால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். பதினோரு அடி."

எல்லாரும் கைதட்டினார்கள். பதினோரு அடி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அர்ஜுனன் அப்போது ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக மடிப்பாளனாக இருந்தான். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு நாற்பத்தோராவதை எடுப்பார்கள். அந்த நாற்பதையும் முந்தி மேலே தெரிய மறுபடி மடித்து வைப்பது அவன் வேலை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் சரிகை அங்கே ஒடிந்துபோகும். அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் தள்ளி மடிக்க வேண்டும். எந்தப் புடவையைப் போன தடவை எங்கே மடித்தோம் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும். அது தவிர அவனிடம் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம்.

திறப்பு விழா நடந்த அதே ஜனவரியில் சங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக ஊழியர்கள் அனைவரும் மார்ச் 31-க்குள் ஆசை ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். கொண்டுவந்தால் நிரந்தரம். கொண்டுவராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அர்ஜுனனுக்கு வீட்டில் மனைவி காந்தாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். வீட்டுக்குப் போவதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. வெறுங்கையோடு போவதில்தான் பயம்.

ஆசை ஆபீஸில் மாடிப்படி வரை வரிசை நின்றது. சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'அ' என்றால் ஆசை ஈடேறியது. 'ஆ' என்றால் முயன்றும் ஈடேறாதது. 'இ' என்றால் முயற்சியே செய்யாதது. 'இ' பிரிவினர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிவப்பு மையில் அடியில் எழுதியிருந்தது.

அர்ஜுனனுக்கு முன்னால் நின்றவன் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன். சின்ன வயதில் ரயில் இஞ்சின் ஓட்ட ஆசைப்பட்டவன். குமாஸ்தா ஹயக்ரீவன் அவனிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"இஞ்சின் இருக்கா?"

"இருக்குது சார்."

"புகை விடுமா?"

"விடும் சார்."

'அ' என்று முத்திரை குத்தினார். அவனுக்கு முன்னால் போனவன் போலீஸ்காரனாக ஆசைப்பட்டுக் கள்ளச்சாராயத்துக்குப் போனவன். மூன்று தடவை ஸ்டேஷனில் இரவு தங்கியிருக்கிறான். காவல்துறையோடு தொடர்பு இருப்பதால் அவனுக்கும் 'அ'. தபால்காரர் ஆக விரும்பித் தபால்காரரே ஆகிவிட்ட ஒருவரை மட்டும் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அவரிடம் விசாரணை நடந்தது. இவ்வளவு சரியாகப் பொருந்துவது சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்று கண்காணிப்பாளர் ஸௌந்தரராஜன் கருதினார்.

அர்ஜுனன் முறை வந்தது. ஹயக்ரீவன் கட்டைப் பிரித்து அவன் தாளை எடுத்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யானைன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"யானைப் பாகனா?"

"இல்ல சார். யானைதான். தெரியாம எழுதிட்டேன். சின்னப் புள்ள சார் அப்போ."

"இந்தக் கட்டுல இருக்கற அத்தனை பேரும் அப்போ சின்னப் புள்ளைதான். அதுக்குத்தானே ஆபீஸ் வெச்சிருக்கா."

"பாகன்னு ஒரு வார்த்தை பக்கத்துல சேத்துக்குங்க சார்."

"சர்க்கார் ரிக்கார்டுல கை வைக்கறதா? சேக்கணும்னா உங்க வாத்தியார் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரு செத்துட்டாரு சார்."

"அப்போ வர மாட்டார்" என்று ஹயக்ரீவன் ஒப்புக்கொண்டார். "சரி, யானை ஆகறதுக்கு நீ என்ன முயற்சி பண்ணினே?"

அர்ஜுனன் யோசித்துப் பார்த்தான். "ஒண்ணும் பண்ணல சார்."

ஹயக்ரீவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "வாயத் தொறந்து அப்படிச் சொல்லிடாதேப்பா. 'இ'ல போட்டுடுவா. வேலை போயிடும். யானை வேலைக்கு அப்ளிகேஷன் போட்டேன், கிடைக்கலைன்னு எங்கேயாவது ஒரு லெட்டர் வாங்கிண்டு வா. 'ஆ'ல போட்டுடறேன். 'ஆ'வுக்கும் பர்மனென்ட் உண்டு."

"யானை வேலைக்கு எங்க சார் அப்ளிகேஷன் போடறது?"

"யானை எங்கே இருக்கோ அங்கே."

அன்று சாயங்காலம் காந்தா முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"யானைன்னா எழுதி வெச்ச? ஒரு தாசில்தார், ஒரு ஜட்ஜி, எதுவும் தோணலியா உனுக்கு?"

"தோணலியே."

"எழுதினதுதான் எழுதின, அதுக்குத் தகுந்த மாதிரி தின்னியா? எலும்பும் தோலுமா இருக்குற. நாளைக்கு நானும் வரேன். உன்ன தனியா அனுப்பினா கழுதைன்னு எழுதி வாங்கிக்கினு வருவ."

மறுநாள் இருவரும் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய கோயிலுக்குப் போனார்கள். அங்கே ஒரு யானை இருந்தது. யானையைவிடப் பழைய ஒரு வழக்கும் இருந்தது. யானையின் நெற்றியில் வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்பது வழக்கு. வடகலை நாமம் புருவத்தோடு நின்றுவிடும். தென்கலை நாமத்துக்கு மூக்கின் மேல் கொஞ்சம் பாதம் இறங்கும். மனிதர்களுக்கு இதில் சிக்கல் இல்லை, அவரவர் மூக்கு அவரவருக்கு. யானைக்கு ஒரே மூக்கு, அதுவும் ஆறடி. தீர்ப்பு வரும்வரை ஒற்றைப்படைத் தேதிகளில் தென்கலை, இரட்டைப்படைத் தேதிகளில் வடகலை என்று ஏற்பாடு. முப்பத்தொன்றாம் தேதியும் அதற்கு அடுத்த ஒன்றாம் தேதியும் இரண்டுமே ஒற்றைப்படை என்பதால் அதற்கு ஒரு கிளை வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது.

கோயில் நிர்வாக அதிகாரி அர்ஜுனன் சொன்னதை நிதானமாகக் கேட்டார். அவர் பல வருஷம் அறநிலையங்களில் வேலை பார்த்தவர். எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டிருந்தார்.

"உனக்கு யானை வேலை இல்லைன்னு நான் எழுதித் தரணும். அவ்வளவுதானே?"

"ஆமா சார். ஒரு வரி போதும்."

"இல்லைன்னு சொல்லணும்னா நீ முதல்ல கேட்டிருக்கணும். கேக்கறதுக்கு ஃபாரம் இருக்கு."

யானை வாங்கும்போது நிரப்புகிற படிவம் அது. காந்தா ஒவ்வொன்றாக வாசிக்க அர்ஜுனன் நிரப்பினான். உயரம், ஐந்தடி நான்கு அங்குலம். தந்தத்தின் நீளம், இல்லை. பிடிபட்ட காடு என்ற இடத்தில் வெகுநேரம் தயங்கிவிட்டு 'முசரவாக்கம்' என்று எழுதினான். கடைசியில் இரண்டு இடம் காலியாக இருந்தன. ஒன்று, கால்நடை மருத்துவர் சான்று. இன்னொன்று, நெற்றியில் இடும் நாமம்.

"எங்க வூட்ல மாரியாத்தாவ கும்புட்றோம் சார்" என்றான் அர்ஜுனன்.

"அது அர்ஜுனனுக்கு. யானைக்கு என்ன?"

அதை யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் வாலாஜாபாத் பஸ் ஏறினார்கள். அங்கே மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாயிரம் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எருமை போனதும் அர்ஜுனனை அதே இடத்தில் நிற்கச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். காதை மடக்கிப் பார்த்தார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்து அரிசி மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றியதில் நாற்பத்தேழு கிலோ இருந்தான்.

"குறைச்சல்" என்றார் கண்ணாயிரம். "யானைன்னா ஒரு மூவாயிரமாவது இருக்கணும். சாப்பிடறானாம்மா?"

"குடுத்தா சாப்பிடுது சார்" என்றாள் காந்தா.

"மதம் பிடிக்குமா?"

"எங்கண்ணன் வூட்டுக்கு வந்தா புடிக்கும். மத்த நாள்ல சாது."

கண்ணாயிரம் எழுதினார்: 'தும்பிக்கை காணப்படவில்லை. தந்தம் காணப்படவில்லை. வால் பரிசோதிக்கப்படவில்லை. பொது ஆரோக்கியம் திருப்தி.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, "நான் டாக்டர் ஆகணும்னுதான் அஞ்சாவதுல எழுதினேன்" என்றார். "எந்த டாக்டர்னு எழுதாம விட்டுட்டேன். ஆசை ஆபீஸ்ல 'அ' போட்டுட்டாங்க. இனிமே வருத்தப்படக்கூட எனக்கு உரிமை இல்ல."

விண்ணப்பத்தைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹயக்ரீவன் முசரவாக்கத்துக்கு வந்தார். கூட இரண்டு வயதானவர்கள். கையில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. அலுவலக விஷயமாக வரவில்லை, சொந்த விஷயமாக வந்ததாகச் சொன்னார்.

"நாமம் காலியா இருக்காமே. யோசிக்க என்ன இருக்கு? நெத்தி விசாலமா இருக்கு. நம்மளவா நாமம் உனக்கு லட்சணமா இருக்கும்."

"எனுக்கு வேலை இல்லன்னு எழுதி வாங்கத்தான் சார் அப்ளிகேஷனே."

"அது வேற விஷயம். வேலை கிடைக்காத யானைக்கும் நாமம் உண்டோன்னோ? இது ஒரு முன்னுதாரணம் ஆயிடும்ப்பா. கோர்ட்டுல காட்டலாம்."

அவர்கள் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, கண்காணிப்பாளர் ஸௌந்தரராஜன் வந்தார். கூட மூன்று வயதானவர்கள். மூங்கில் குடலையில் வெந்த ஒரு முழு இட்லி, மிளகு வாசனையோடு. உட்கார்ந்ததும் ஒருவர் மடியிலிருந்து அங்குல டேப்பை எடுத்து அர்ஜுனன் மூக்கை அளந்தார்.

"ரெண்டே கால் அங்குலம். பாதம் தாராளமா உக்காரும்" என்றார் ஸௌந்தரராஜன். "அந்த ஹயக்ரீவன் வந்துட்டுப் போனானா?"

"வந்தாரு சார்."

"என்ன கொண்டுவந்தான்?"

"புளியோதரை சார்."

ஸௌந்தரராஜன் தன்னோடு வந்தவர்களைப் பார்த்தார். "நாளைக்கு வடையும் சேத்துக் கொண்டு வரணும்" என்றார்.

பிப்ரவரி முழுக்க இப்படியே போயிற்று. திங்கட்கிழமை சர்க்கரைப் பொங்கல் வந்தால் செவ்வாய்க்கிழமை அக்காரவடிசில் வரும். காந்தா அந்த மாதம் ஏழு நாள்தான் உலை வைத்தாள். பெண் குழந்தைகள் இரண்டும் கன்னம் உப்பின.

"எதுவும் சொல்லிடாதய்யா. யோசிச்சிக்கினே இரு" என்றாள் காந்தா.

அர்ஜுனன் யோசிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் ஒப்புக்கொண்டால் இன்னொரு பக்கம் கோப்பை நிறுத்தும். ஆசை ஆபீஸில் குமாஸ்தா ஒரு கட்சி, கண்காணிப்பாளர் இன்னொரு கட்சி. கோயிலோ நாமம் நிரப்பாத விண்ணப்பத்தை நிராகரிக்க மறுத்தது. முழுமை பெறாத விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க விதி இல்லையாம். மார்ச் பத்தாம் தேதி, அவன் கெஞ்சிக் கேட்டதன்பேரில், நிர்வாக அதிகாரி இப்படி ஒரு கடிதம் கொடுத்தார்: 'மேற்படி அர்ஜுனன் யானைப் பணிக்கு விண்ணப்பித்துள்ளார். இதுவரை நிராகரிக்கப்படவில்லை.'

அதை எடுத்துக்கொண்டு காந்தாவோடு ஆசை ஆபீஸுக்குப் போனான். ஹயக்ரீவன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நிராகரிக்கப்பட்டதுன்னு இருந்தாத்தான் 'ஆ'. இது எதுலயும் சேராது."

காந்தா அவர் மேஜைமேல் கையை ஊன்றினாள். "அதே பள்ளிக்கூடத்துல நானும் படிச்சேன் சாமி, ரெண்டு வகுப்பு தள்ளி. எனுக்கும் தாளு குடுத்தாங்க. அது எங்க இருக்குது?"

"பொம்மனாட்டிகளோடது தனிக் கட்டு. வாத்தியார்களே எல்லாத்துலயும் 'குடும்பத் தலைவி'ன்னு எழுதி அனுப்பிட்டா. நூத்துக்கு நூறு ஈடேறியிருக்கு. மேலிடத்துலேர்ந்து அதுக்குத் தனியா ஒரு பாராட்டுக் கடுதாசி வந்தது."

"நான் பஸ் கண்டக்டர் ஆவணும்னு சொன்னேன்."

"அது உங்க சொந்த விஷயம்மா."

காந்தா மேஜையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நேத்து புளியோதரைல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மார்ச் 31 வந்தது. மாலை நான்கு மணிக்கு அதிகாரி கோதண்டபாணி ஊழியர்களைக் கூட்டினார். அந்த ஆண்டுக்கு 'அ' பிரிவில் நூற்று நாற்பது பேர் இருக்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்திருந்தது. நூற்று முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். தபால்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் விசாரணை இன்னும் முடியவில்லை.

"ஒரே ஒரு ஆள்" என்றார் கோதண்டபாணி. "ஒரே ஒரு மனிதனின் கனவு நனவாகவில்லை என்பதற்காக எனக்கு மெமோ வரப்போகிறது. இந்த ஊரில் யாருக்கும் மனசாட்சி இல்லையா? மேஜைமேல் என்ன கோப்பு அது?"

"யானை சார்" என்றார் ஸௌந்தரராஜன்.

கோதண்டபாணி கோப்பைப் புரட்டினார். விண்ணப்பம் இருந்தது. உடல்தகுதி இருந்தது, பொது ஆரோக்கியம் திருப்தி. கோயில் கடிதமும் இருந்தது.

"நிராகரிக்கப்படவில்லை என்கிறார்கள். நிராகரிக்கப்படவில்லை என்றால் ஏற்கப்பட்டது. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?" கையெழுத்துப் போட்டார். வெளியே பெஞ்சில் காத்துக்கொண்டிருந்த அர்ஜுனனைக் கூப்பிட்டுக் கட்டித் தழுவினார். "சின்ன வயதில் கண்ட கனவு இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கைகூடுகிறது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? எனக்குக் கிடைக்கவில்லை. உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது."

அர்ஜுனன் சான்றிதழை வாங்கிப் பார்த்தான். 'இலட்சியம்: யானை. நிலை: ஈடேறியது.'

சங்கத்து மேனேஜர் அதை மறுநாள் காலை மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு அர்ஜுனனை உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உனக்கு ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா வெச்சிருந்தேம்ப்பா. மடிப்பாளர், பர்மனென்ட். ஆனா நீ இப்போ வேற எடத்துல வேலையில இருக்கறதா அரசாங்கமே சொல்லுது."

"இல்ல சார். நான் இங்கதான் இருக்கேன்."

"நீ இங்க இருக்க. யானை எங்க இருக்குது? ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல வேலை போட முடியாது. அதில்லாம சங்கத்து ரூல்ஸ்ல யானையச் சேக்க எடமும் இல்ல. தேடிப் பாத்துட்டேன். குதிரைக்கு இருக்குது, அந்தக் காலத்துல வண்டி வெச்சிருந்தாங்க."

மத்தியானம் அவனை வேலையிலிருந்து விடுவித்தார்கள். அர்ஜுனன் நேரே ஆசை ஆபீஸுக்கு ஓடினான். கோதண்டபாணி பரிவோடு கேட்டுக்கொண்டார். சான்றிதழைத் திருப்பி வாங்க முடியாது, மேலிடத்துக்கு எண்ணிக்கை போய்விட்டது என்றார். வேண்டுமானால் சான்றிதழைச் செயல்படுத்தும்படி கோயிலுக்கு ஓர் உத்தரவு அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். அதில் மேலிட முத்திரை இருந்தது. கோயில் நிர்வாக அதிகாரி முத்திரையைப் பார்த்தார். மறுத்தால் தனக்கு மெமோ வரும் என்று புரிந்துகொண்டார்.

ஏப்ரல் நான்காம் தேதி முசரவாக்கத்துக்கு உத்தரவு வந்தது. அர்ஜுனன் அதை வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். காந்தா வாங்கிப் படித்தாள்.

'திரு. அர்ஜுனன் (மடிப்புப் பணியில் முன்னனுபவம் உள்ளவர்) நெற்றி நாமம் குறித்த வழக்கின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு, தற்காலிக யானையாக நியமிக்கப்படுகிறார். தீர்ப்பு வரும்வரை அவர் நெற்றியில் எதுவும் இடப்படலாகாது.'

"தற்காலிகம்" என்றான் அர்ஜுனன். "யானையா ஆனாலும் டெம்பரரிதான் காந்தா."

காந்தாவுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவன் வேலைக்குச் சேர்ந்தான். பாகன் அப்பாதுரை உத்தரவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சங்கிலி போடணுமா உனுக்கு?"

"ஆர்டர்ல ஒண்ணும் போடல."

"அப்போ வேணாம். தோ, அது பக்கத்துல நில்லு. நல்லதுதான், பயப்படாத. நான் பள்ளிக்கூடம் போனதில்லப்பா. அதனாலதான் ஆசைப்பட்ட வேலையே எனுக்குக் கெடைச்சுது."

அன்று ஐந்தாம் தேதி. யானை நெற்றியில் தென்கலை நாமம் பளிச்சென்று இருந்தது. முதலில் வந்தவள் பெருந்தேவி என்ற வடகலை வீட்டு அம்மாள். இரட்டைப்படைத் தேதி என்று நினைத்து வந்துவிட்டாள். யானையைப் பார்த்ததும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் பக்கத்தில் நின்ற அர்ஜுனனைப் பார்த்தாள்.

"இது யாரு அப்பாதுரை?"

"இதுவும் யானைதாம்மா. புதுசு."

பெருந்தேவி அவன் நெற்றியை உற்றுப் பார்த்தாள். மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் முகம் தெளிந்தது. தலையைக் குனிந்தாள்.

அர்ஜுனன் அப்பாதுரையைப் பார்த்தான். "வையி" என்று அப்பாதுரை சைகை காட்டினான். அர்ஜுனன் அவள் தலைமேல் கையை வைத்தான். பெருந்தேவி நிறைந்த மனசோடு போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் தென்கலைக்காரர். அவருக்கு யானையிடம் போகத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கு நடக்கும்போது எந்தப் பக்கம் குனிந்தாலும் யாராவது பார்த்துச் சாட்சி சொல்லிவிடுகிறார்கள் என்று முணுமுணுத்துவிட்டு அவரும் அர்ஜுனனிடம் வந்தார். எட்டு மணிக்கு அவன் முன்னால் இருபது பேர் நின்றார்கள். ஹயக்ரீவன் வந்தார், ஆபீஸுக்குப் போகிற வழியில். அவருக்கு அடுத்து ஸௌந்தரராஜன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே வரிசையில் நின்றார்கள்.

காந்தா சோற்றுத் தூக்கோடு வந்து சேர்ந்தபோது வரிசை கோபுர வாசலுக்கு வந்திருந்தது. அவள் நேரே அப்பாதுரையிடம் போனாள்.

"அண்ணே, அந்த நாமம் கேஸு எப்போ முடியும்?"

"இன்னாத்துக்கும்மா?"

"கேஸு முடியற வரைக்கும்தான் இவருக்கு வேலைன்னு போட்டுருக்குது. தெரிஞ்சா வேற எங்கயாவது சொல்லி வெப்போம்."

அப்பாதுரை சிரித்தான். யானை காதை ஆட்டியது. "என் தாத்தா இந்தக் கோயில்ல பாகனா இருந்தாரு. அவரு ஆர்டர்லயும் இதேதான், கேஸ் முடியற வரைக்கும்னு. எங்கப்பனுக்கும் அதான். எனுக்கும் அதான். இந்த யானைக்கும் அதான், இதுக்கு முன்னால இருந்த ரெண்டு யானைக்கும் அதான். பர்மனென்ட்டா வந்தவங்கோ எல்லாம் அம்பத்தஞ்சு வயசுல ரிட்டயர் ஆயி வூட்டுக்குப் பூட்டாங்கோ. எங்கப்பன் எம்பத்தொண்ணு வரைக்கும் வேலை பாத்தாரு."

காந்தா இதை ஒரு நிமிஷம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அர்ஜுனன் கலவரத்தோடு, "இன்னா சொன்னாரு? எப்போ முடியுமாம்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

காந்தா தூக்கை அப்பாதுரையிடம் கொடுத்துவிட்டு, கோபுர வாசல் வரை நடந்து போய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். அவள் முறை வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சிரிப்பு ஓரளவு அடங்கியிருந்தது.

"இன்னாதான் சொன்னாரு?" என்றான் அர்ஜுனன்.

"எங்கயும் போவாதய்யா. நின்ன எடத்துலயே நில்லு" என்று காந்தா தலையைக் குனிந்தாள். "சீக்கிரம் வையி. பூவ கலைச்சிடாத."